அரைக்கால் விலையில் ஒரு தேர்தல்

அந்த மார்க்கெட்டில் பழைய சாமான் கடை வைத்திருந்தவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பாதிவிலை" என்றால்தான் மனுஷன் திரும்பியே பார்ப்பார். எது கண்ணில் பட்டாலும் அதன் விலையில் பாதியை அவர் வாய் தன்னால் சொல்லிவிடும். நேற்று வாங்கிய மின்விசிறியைக் கொண்டுபோய் நீட்டுங்கள், "பெட்டியைப் பிரிச்சாச்சா? அப்போ பாதி" என்பார். ஒரு தடவை சுவிட்சைப் போட்டுப் பார்த்தோம் என்று உளறிவிட்டால் போச்சு, அதிலும் பாதி. பிறந்த குழந்தையை நர்ஸ் அவர் கையில் கொடுத்தபோது அவர் என்ன சொன்னார் என்று அவர் மனைவியிடம் கேட்டால், இன்றைக்கும் முறைப்பாள்.

இன்னொரு குணமும் உண்டு. சொன்ன விலையை மாற்றமாட்டார். தலைகீழாக நின்றாலும் சரி, அழுது புரண்டாலும் சரி, சொன்னது சொன்னதுதான். அதில் அவருக்கு ஒரு பெருமை.

அவர் கடைக்கு நேர் எதிரே அவர் மனைவியின் தையல் கடை. அந்த வரிசையின் கோடியில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை இருந்தது. இருந்தது என்றால், கட்டிடம் எழுப்பியபோது கட்டிவைத்தார்கள், அவ்வளவுதான். கடைக்காரர் சங்கத் தலைவர் அதற்கு ஒரு பூட்டைப் போட்டு, தன்னுடைய தேர்தல் சாமான்களை உள்ளே அடைத்திருந்தார். நாற்காலிகள், வளைவுகள், மேடைப் பலகைகள், தன் உருவத்தையே மூன்று ஆள் உயரத்துக்கு வரைந்து வெட்டிய கட்டவுட் எல்லாம் கதவை மூடிப் பூட்டுவதே பெரும்பாடு என்கிற அளவுக்கு நெருக்கியடித்துக் கிடந்தன. மார்க்கெட்டில் வேலை செய்த பெண்கள் அத்தனை பேரும் அவசரத்துக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க வேண்டும். அங்கே வரிசையில் நிற்க வேண்டும். திரும்பி வந்தால் "எங்கம்மா போய்த் தொலைஞ்சே?" என்று வாடிக்கையாளரிடம் பாட்டு வாங்க வேண்டும்.

அதனால் தையல்காரி காலையில் கடை திறந்தால் சாயந்திரம் வரைக்கும் தண்ணீர் பக்கமே போகமாட்டாள். போன வருஷம் நீர்க்கடுப்பு முற்றி, காய்ச்சல் ஏறி, ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். "நிறைய தண்ணி குடிக்கணும்மா" என்றார் டாக்டர். "குடிச்சுட்டு எங்க போறது டாக்டர்?" என்று கேட்டாள். அதற்கு அவரிடம் மாத்திரை இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "நான் தலைவருக்கு நிக்கப்போறேன்."

பாதிவிலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அப்போதைய தலைவர் வேறு யாருமில்லை, அவருடைய சொந்த அக்காவின் புருஷன். பெரிய மெத்தைக்கடைக்காரர். ஊரில் எல்லோருக்கும் அவர் "மெத்தை". பாதிவிலைக்கு மட்டும் "மாமா". போன தேர்தலில் ஓட்டுக்கு ஒரு தலையணை என்று மாமா வாரி விட்டிருந்தார். மார்க்கெட்டே நன்றாகத் தூங்கி எழுந்து அவருக்கே போட்டது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் தையல்காரி எழுந்து நின்றாள்.

"தேர்தல் செலவுக்கு ஒரு வரம்பு வேணும். ஆளுக்கு ஒரு மாசக் கடை வாடகை எவ்வளவோ அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு காசு செலவு பண்ணினா வேட்பாளர் பேரை அடிச்சிடணும்."

மெத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "என் காசு, என் ஜனங்க, என் பாசம். பாசத்துக்கு யாராவது அளவுகோல் வைப்பாங்களா? நான் என்ன திருடியா கொடுக்கிறேன்? நீயும் கொடேம்மா, யார் உன் கையைப் பிடிச்சா?"

"என் கையில கத்திரிக்கோலைத் தவிர என்ன இருக்கு அண்ணா? நீங்களும் பேசுறீங்க, நானும் பேசுறேன். உங்க பேச்சு எட்டு ஒலிபெருக்கியில போகுது, என் பேச்சு தொண்டையோட நின்னுடுது. அப்புறம் இதுக்குப் பேர் தேர்தலா, ஏலமா?"

பூட்டுக்கடைப் பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஜனங்களை என்ன அவ்வளவு மட்டமா நினைச்சுட்டே? தலையணை வாங்கினவங்க எல்லாம் அவருக்கா போட்டாங்க?"

"போட்டோமே" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு அப்பாவிக் குரல்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாகத் தீர்மானமும் நிறைவேறிவிட்டது. ஓட்டையில்லாமல் இருக்கட்டும் என்று இன்னொரு வரியும் சேர்த்தார்கள். சொந்தச் சாமானோ, ஓசியில் வந்ததோ, இதை நான் உங்களுக்குக் கொடுத்தேன் என்று வேட்பாளர் எதைச் சொல்லி ஓட்டுக் கேட்டாலும் அதற்கு விலை போட்டு அவர் கணக்கில் ஏற்றவேண்டும்.

சரி, விலை போடுவது யார்? எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூட்டுக்கடைப் பெரியவர்தான் வழி சொன்னார். "ரெண்டு பக்கமும் சொந்தக்காரர் ஒருத்தர் இருக்காரே. இந்தப் பக்கம் சாய்ஞ்சா அக்கா வீட்டுல உதை, அந்தப் பக்கம் சாய்ஞ்சா சொந்த வீட்டுல உதை. அவரை விட நடுநிலையான ஆள் எங்க கிடைப்பார்?"

பாதிவிலைக்குக் கூச்சமும் குஷியும் சேர்ந்து வந்தது. மார்க்கெட் வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டி, நடுவில் கோடு கிழித்து, சட்டைப்பையில் சாக்பீஸைச் செருகிக்கொண்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அப்போது அவர் ஞாபகத்துக்கு வரவில்லை.

முதல் நாளே மெத்தை ஒரு கட்டுக் குடைகளோடு வந்து இறங்கினார். ஒவ்வொரு குடையிலும் அவர் முகம் சிரித்தது. கூடவே அவர் கடையில் மூட்டை தூக்கும் ஆள், பஞ்சு. மொத்தமாக விலை போட்டால் முக்கால் வாடகை இந்தக் குடையிலேயே போய்விடுமே என்று பேரம் பேசும் முகத்தோடுதான் மாமா வந்திருந்தார்.

பாதிவிலை ஒரு குடையை எடுத்தார். படக்கென்று விரித்தார். கம்பியைத் தட்டிப் பார்த்தார். மடக்கினார். பிறகு பழக்கதோஷம் வேலையைக் காட்டிவிட்டது.

"விரிச்சு மடக்கின குடை. பாதி."

மெத்தைக்கு முதலில் புரியவில்லை. மறு நிமிஷம் வியாபாரி மூளை பற்றிக்கொண்டது.

"டேய் பஞ்சு! எல்லாக் குடையையும் ஒரு தடவை விரிச்சு மடக்குடா!"

பஞ்சு விரித்தான், மடக்கினான். பாதிவிலை பலகையில் எழுதினார். சொன்ன விலை சொன்னதுதானே! எதிர்க்கடையில் தையல் மிஷினின் சத்தம் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் மனைவி முகத்திலேயே அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கும்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. அந்த மார்க்கெட்டில் புதுச் சாமான் என்பதே இல்லாமல் போயிற்று. மெத்தை டீ கொடுத்தார். ஒவ்வொரு டம்ளரிலும் பஞ்சு முதலில் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு நீட்டினான். எச்சில் பட்ட டீ பாதி விலை. வாக்காளர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கிக் குடித்தார்கள், ஓசியாயிற்றே. அத்தனை டீயையும் ருசி பார்த்த பஞ்சு இரண்டு நாள் கண் மூடாமல் பேய் மாதிரி திரிந்தான். பலூன்களை ஊதி, காற்றை இறக்கி, மறுபடி ஊதினார்கள். தொப்பிகளை ஒரு தலையில் வைத்து எடுத்து அடுத்த தலைக்கு மாற்றினார்கள். நாலு தலை பார்த்த தொப்பிக்கு எழுதும் அளவுக்கு விலையே மிஞ்சாமல் பாதிவிலை பலகையில் வெறும் புள்ளி வைத்துவிட்டார்.

பேச ஒரு வாடகைப் பேச்சாளரைக் கூட்டிவந்தார்கள். அந்த மனுஷன் மீசையைத் தடவிக்கொண்டு, "நான் பேசாத மேடையில்ல, ஆதரிக்காத ஆளில்ல. எல்லாத் தரப்புக்கும் பேசியிருக்கேன்" என்று பெருமையடித்தார்.

"அடடே, அப்போ ரொம்ப அடிபட்ட வாய்" என்று பாதிவிலை எழுதிய தொகையைப் பார்த்ததும் பேச்சாளருக்குப் பேச்சு நின்றது. "யோவ், நான் என்ன கிழிஞ்ச மெத்தையா?" என்று அவர் குதித்த குதி மேடையில் குதித்ததை விட நன்றாக இருந்தது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

தையல்காரி என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். வெட்டுத் துணியில் ஒரு பதாகை தைத்து, கடை கடையாக ஏறி இறங்கினாள். "பூட்டைத் திறப்பேன், இந்தப் பக்கம் இனிமேல் நாற்காலி வராது" என்று சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டிய தலையில் எல்லாம் மெத்தையின் தொப்பி இருந்தது.

கடைசியில் வந்தன தலையணைகள். புதுத் தலையணையை எப்படிப் பழசாக்குவது? ஒவ்வொன்றிலும் படுத்து எழ பஞ்சு ஒருவனால் ஆகுமா? மாமா யோசித்தார். மச்சானுடைய கடை இருக்கும்போது என்ன கவலை! தலையணை பாதிவிலையின் கடைக்குள் வரும். அவர் அதைப் பழைய சாமானாக விலைக்கு வாங்கியதாகச் சொல்லி மேஜையில் வைப்பார். அடுத்த நிமிஷம் மாமா அதைப் பழைய சாமானாகத் திருப்பி வாங்கிக்கொள்வார். இடையில் மச்சானுக்கு ஒரு சின்னக் கூலி. அன்றைக்கு முழுக்க அவர் கடையில் திருவிழா மாதிரி கூட்டம். இத்தனை வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு நாளை அவர் கண்டதில்லை. உச்சி குளிர்ந்து போனார்.

அக்காதான் தலையணைகளை எண்ணி வாங்கிப்போக வந்திருந்தாள். மெத்தைக்கடையின் பின்பக்கம் உட்கார்ந்து நாளெல்லாம் மெத்தை ஓரம் தைக்கிறவள். வாய் திறந்து அவள் ஒரு அபிப்பிராயம் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"என்னக்கா, மாமா ஜெயிச்சுடுவாரில்ல?" என்று இளித்தார் பாதிவிலை.

"அவர் எப்பத்தான் தோத்தார்?" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு ஒரு தலையணையைப் புரட்டி, பிரிந்திருந்த ஓரத்தைப் பார்த்து, இடுப்பில் செருகியிருந்த ஊசியை எடுத்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, தலையணையைப் பூரா நீங்கதான் பழசாக்கினீங்களா?"

"சட்டப்படி பார்த்தா..."

"செலவுக்கு வரம்பு வெச்சது எதுக்குங்க?"

"அதான் இப்போ எல்லாரும் சொல்றாங்களே, வரம்பு வெச்சுப் பிரயோஜனமில்ல, வெக்காமலே இருந்திருக்கலாம்னு."

"வேலியில ஓட்டை விழுந்தா வேலியைப் பிடுங்கி எறியணுமா, ஓட்டையை அடைக்கணுமா?" அவள் குரல் கொஞ்சம் ஏறியது. "அடைக்கலாம்னு பார்த்தா, ஓட்டையே என் வீட்டுக்காரரா இருக்கார்!"

பாதிவிலை தட்டைப் பார்த்தார்.

"இன்னிக்கு மழையில பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். செருப்பு வழுக்குது. அங்க போனா வரிசை. அந்த வரிசையில நிக்கிறப்போ, உங்க கடையில இறங்கின தலையணைதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. எனக்கு அழுகை வந்துடுச்சுங்க. நான் தோத்தா பரவாயில்ல. வீட்டுக்காரர் கையாலேயே தோக்கிறேனே, அதைத்தான் தாங்க முடியல." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மறுபடியும் அந்தக் கடுப்பு ஆரம்பிச்சிருக்கு. உங்ககிட்ட சொல்லல."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வெட்கத்தில் காது சுட்டது. "சொன்ன விலையை எப்படிம்மா மாத்துறது?" என்று முனகினார்.

"மாத்த வேணாம். அந்த விலையையே கட்டிக்கிட்டுத் தூங்குங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

தேர்தலுக்கு முந்தின நாள் காலையில் மாமா ஓடிவந்தார். முகத்தில் வேர்வை. வரம்பில் மிச்சம் இருந்தது சொற்பம். கடைசி நாள் ஒரு பெரிய கூட்டம் போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. நாற்காலி வாடகைக்கு எடுத்தால் அதைப் பாதியாக்கினாலும் கட்டுப்படியாகாது.

"மச்சான், என் பழைய தேர்தல் சாமான் இருக்கே, மூணு தேர்தல் பார்த்தது. அதுக்கு என்ன விலை போடுவ?"

பாதிவிலையின் வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது. "முதல் தேர்தலுக்குப் பாதி. ரெண்டாவதுக்கு அதுல பாதி, கால். மூணாவதுக்கு அதுலயும் பாதி, அரைக்கால்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சாமான் எங்கே கிடக்கிறது என்பது அவருக்கு உறைத்தது. அவர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா ஒண்ணு மாமா. உள்ள கிடக்கிற சாமானுக்கு விலை சொல்லி எனக்குப் பழக்கமில்ல. ஒண்ணு விடாம வெளிய எடுத்துப் போடணும். ஒரு ஆணி உள்ள தங்கினாலும் அரைக்கால் கிடையாது, முழு விலை."

"இதானா? இப்பவே எடுக்கிறேன் பாரு! பஞ்சு!"

பூட்டு திறந்தது. பஞ்சும் இன்னும் நாலு பேரும் இழுத்து இழுத்துப் போட்டார்கள். நாற்காலி வந்தது, வளைவு வந்தது, பலகை வந்தது. மூன்று ஆள் உயர மாமா வாசலில் மாட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்றார். மூக்கைக் கொஞ்சம் செதுக்கித்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. பாதிவிலை குனிந்து உள்ளே எட்டிப் பார்த்து, "அந்த மூலையில ஒரு கயிறு இருக்கு மாமா" என்றார். அதையும் எடுத்தார்கள். "பின்னாடி ஒரு துடைப்பம்." துடைப்பம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், அது தேர்தல் சாமான் இல்லையாம்.

சாமான்களெல்லாம் முற்றத்துக்குப் போனதும் அவர் எதிர்க்கடைக்குப் போய் நின்றார். தையல்காரி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அம்மா, அந்த ரூம் காலியா இருக்கு. துடைப்பம் உள்ளேயே இருக்கு."

மிஷின் நின்றது. அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் பாருங்கள்! போகிற வழியில் பூ மாலை கட்டுகிறவள், வளையல் கடைக்காரி, கணக்கு எழுதுகிற பெண் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். தூசி பறந்தது. குழாயைத் திருகினால் அது இருமியது, துருவாகத் துப்பியது, கடைசியில் தெளிந்த தண்ணீர் கொட்டியது. உள்ளே இருந்து பெண்கள் போட்ட கூச்சலில் முற்றத்துப் புறாக்களெல்லாம் எழும்பிப் பறந்தன. கொஞ்ச நேரத்தில் வாசலில் வரிசை நின்றது. அந்த வரிசையில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் மெத்தையின் கூட்டம் தயார். மேடை, வளைவு, எட்டு ஒலிபெருக்கி. மூக்கறுந்த கட்டவுட் பின்னால் நின்றது. மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். நாற்காலியில் பாதிதான் ஆள். அந்தப் பக்கம் கழிப்பறை வரிசையில் அதை விட அதிகம் ஆள். என்ன ஏது என்று பஞ்சு காதில் ஓதினான். மெத்தை ஒன்றும் சாமானியப்பட்ட ஆளில்லை. ஒரு கணம்தான் திகைத்தார்.

"தாய்மார்களே!" என்று முழங்கினார். "பார்த்தீங்களா! உங்க கஷ்டம் தெரிஞ்சு, யாரும் கேக்காமலே, இன்னிக்கு உங்களுக்காக அந்தக் கதவைத் திறந்து விட்டது யாரு? நான்! உங்க மெத்தை!"

கைதட்டல் எழுந்தது. நன்றாகவே எழுந்தது. வரிசையில் நின்ற பெண்களில் இரண்டு பேரும் தட்டினார்கள். தையல்காரியின் முகம் வெளுத்துவிட்டது. வாளியைக் கீழே வைத்தாள்.

"போச்சு" என்றாள் புருஷனிடம். "நாளைக்கு இதைச் சொல்லியே ஜெயிப்பார். மறுநாள் அந்த நாற்காலியெல்லாம் எங்க போகும்? திரும்ப இங்கதான்."

பாதிவிலை சாக்பீஸை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார்.

"மாமா, கழிப்பறையை இவங்களுக்கு நீங்கதான் கொடுத்தீங்கன்னு சொல்றீங்க. அப்போ அது உங்க கணக்குல ஏறணும். விலை போடட்டுமா?"

மெத்தை கடகடவென்று சிரித்தார். "தாராளமா போடு மச்சான்! கட்டி எத்தனை வருஷமாச்சு! காலையிலேருந்து எத்தனை பேர் உபயோகிச்சிருக்காங்க! பாதி, கால், அரைக்கால், அதுக்கும் கீழ எதுவோ அது!"

பாதிவிலை இறங்கிப் போனார். பெண்கள் வழிவிட்டார்கள். உள்ளே போய்ச் சுவரைத் தட்டினார், குழாயைத் திறந்து மூடினார், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். பழைய சாமான் வாங்கும்போது எவ்வளவு நேரம் பார்ப்பாரோ அதைவிட அதிக நேரம் பார்த்தார். வெளியே வந்து மைக்குக்கு முன்னால் நின்றார். வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். பழகாத வார்த்தையாயிற்றே.

"முழு விலை" என்றார்.

டீக்கடையில் யாரோ டம்ளரைக் கீழே போட்டார்கள்.

"என்னது?" என்றார் மாமா.

"முழு விலை மாமா. இன்னிக்குப் புதுசா ஒரு கழிப்பறை கட்ட என்ன ஆகுமோ அது. குடையை விரிச்சா விலை இறங்கும், தொப்பியைப் போட்டா இறங்கும். இதுக்கு மட்டும் பூட்டியிருந்தவரைக்கும் விலையே கிடையாது. ஆள் உள்ள போய் வந்தப்புறம்தான் விலை வந்தது. என் தொழில்ல இப்படி ஒரு சாமானை நான் பார்த்ததில்ல."

பூட்டுக்கடைப் பெரியவர் எழுந்துவிட்டார். "அது இருபது வாடகைக்கு மேல போகுமேப்பா! வரம்பு தாண்டினா பேரை அடிக்கணும்!"

"சொன்ன விலை சொன்னதுதான்" என்றார் பாதிவிலை. "மாமா, யோசிச்சுக்கோங்க. இவங்களுக்காக நீங்கதான் திறந்தீங்கன்னா, உங்க பேர் போச்சு. திறக்கலைன்னா செலவே இல்ல."

மெத்தை பாதிவிலையைப் பார்த்தார். கரும்பலகையைப் பார்த்தார். வேர்த்து வடிந்தது. அவருக்கு இருந்த வழி ஒன்றே ஒன்று. மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, எட்டு ஒலிபெருக்கியிலும் அலறினார்.

"தாய்மார்களே! அந்தக் கதவை உங்களுக்காக நான் திறக்கல! சத்தியமா திறக்கல! என் நாற்காலியை எடுக்கத்தான் திறந்தேன்! உங்களுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல! உங்களுக்காக நான் எதுவும் செய்யல, செய்ததும் இல்ல! எல்லாரும் இதுக்குச் சாட்சி!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்கு எட்டு ஒலிபெருக்கி வைத்துக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அந்த மார்க்கெட் கேட்டது. சிரிப்பு கிளம்பியது. சிரித்துச் சிரித்து ஆட்கள் அரைக்கால் விலை நாற்காலியிலிருந்து சரிந்தார்கள்.

அப்போதுதான் கழிப்பறைக் கதவு திறந்தது. உள்ளே இருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தது அக்கா. சிரிப்பெல்லாம் அடங்கிப்போயிற்று.

அவள் மேடைக்கு நேரே வந்து நின்றாள்.

"நீங்க திறக்கலையா?"

"இல்லடி, அது வந்து... செலவுக் கணக்கு..."

"திறக்கலைன்னா நல்லது. அப்போ உங்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியதில்ல."

மெத்தையின் கையில் மைக் அப்படியே இருந்தது. அதை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை. "நீயும் பஸ் ஸ்டாண்டுக்கா போயிட்டிருந்தே?" என்றார். அந்தக் கேள்வி ஒலிபெருக்கியெல்லாம் சுற்றி வந்தது.

"பின்ன எங்க போவேன்? உங்க கடை மெத்தையிலயா?"

"என்கிட்ட சொல்லவே இல்லையேடி."

"சாவி உங்க இடுப்புலதான் இருந்துச்சு. நீங்க கேக்கவே இல்லையே" என்றாள் அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் நடந்த நடை அந்தக் குரலில் இருந்தது. பாதிவிலைக்கோ, கூடப் பிறந்தவளை எதிரே உட்காரவைத்துக்கொண்டு தலையணை எண்ணிக்கொண்டிருந்தோமே, நாமும்தான் ஒரு வார்த்தை கேட்டோமா என்று இருந்தது.

மெத்தை மேடை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள தண்ணி வருதா?" என்று கேட்டார்.

"வருது."

"லைட்?"

"இல்ல. இருட்டுலதான் தடவணும்."

மாமா தலையைத் திருப்பிப் பாதிவிலையைப் பார்த்தார். "மச்சான், ஒரு பல்பு போட்டா எவ்வளவு ஏத்துவ?"

"தேர்தல் முடிஞ்சப்புறம் போடுங்க மாமா" என்றார் பாதிவிலை. "அப்போ நான் விலை போடமாட்டேன்."

மறுநாள் தையல்காரி ஜெயித்தாள். அதற்கடுத்த நாள் காலையில், மார்க்கெட் திறக்கும்போது, மாமா ஏணியோடு வந்து நின்றார்.